தையலுக்கும் ஓர் இடம்

வீட்டின் வரைபடத்தை வரைந்து வருமாறு மனைப்பொருளியல் வகுப்பு மாணவிகளிடம் சொன்னால், விறாந்தை, மண்டபம், படுக்கையறைகள், குசினி, கிணற்றடி என எல்லாவற்றையும் வரைந்து வருவார்கள். தொழுகைக்குரிய இடத்தைக் குறித்திருப்பார்கள். தொலைக்காட்சி இருக்கும் மூலையையும் சிலர் மறக்கமாட்டார்கள். "உம்மாவின் தையல் மெசின் எங்கே?" என்று கேட்ட பிறகுதான், "ஓ, அதுவும் இருக்கு டீச்சர்" என்று சொல்லி, பென்சிலை எடுத்து ஏதோவொரு சுவரோரத்தில் சின்னதாக ஒரு கட்டம் போடுவார்கள்.

அந்தக் கட்டம் பெரும்பாலும் அலுமாரிக்கும் கதவுக்கும் இடையில் இருக்கும். அல்லது கட்டிலின் கால்மாட்டில் இருக்கும். மற்றப் பொருட்கள் எல்லாவற்றையும் வைத்த பின்னர் மீந்த இடமே மெசினுக்குக் கிடைக்கின்றது. பாடசாலைச் சீருடையும், பெருநாள் உடுப்பும், தொழுகை உடையும், யன்னல் சீலையும் அந்த மூலையில் இருந்துதான் வருகின்றன. பல வீடுகளில் பிள்ளைகளின் டியூஷன் காசும் அங்கிருந்துதான் வருகின்றது. வீட்டுக்கு இவ்வளவு தரும் ஒரு வேலைக்கு வீட்டில் ஓர் ஒழுங்கான இடம் இல்லை. அதன் விலையைத் தைப்பவரின் கழுத்தும் இடுப்பும் கண்களும் கொடுக்கின்றன.

தையல் அறை என்றதும் பெரிய அறையும் விலையுயர்ந்த தளபாடங்களும் வேண்டுமென்று நினைக்கத் தேவையில்லை. முதலில் தெரியவேண்டியது வேலை நடக்கும் வரிசை. அதை அறிந்துகொண்டால் ஒரு சிறிய அறையையும், அறை இல்லாவிட்டால் ஒரு மூலையையும்கூட நல்ல தையல் இடமாக மாற்றலாம். அதற்கான வழிகளை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. வேலையின் வரிசை

ஓர் உடை உருவாகும்போது துணி ஆறு கட்டங்களைக் கடக்கின்றது. அலுமாரியில் அல்லது பையில் இருக்கும் துணியை எடுப்பது முதலாவது. அளந்து, கோடிட்டு, வெட்டுவது இரண்டாவது. மெசினில் தைப்பது மூன்றாவது. தைத்த வரியை அயன் பண்ணிப் படியவைப்பது நான்காவது. உடுத்திப் பார்ப்பது ஐந்தாவது. மடித்துப் பத்திரப்படுத்துவது ஆறாவது.

இவற்றுள் மூன்றாவதும் நான்காவதும் ஒரு தடவையோடு முடிவதில்லை. தோளைப் பொருத்தியதும் அயன் பண்ணவேண்டும். கையைப் பொருத்தியதும் மீண்டும் அயன். கழுத்துப்பட்டி, விளிம்பு மடிப்பு என ஒவ்வொன்றுக்கும் மெசினுக்கும் அயன் பலகைக்கும் இடையே போய்வர வேண்டியுள்ளது. ஆகவே மிக அருகில் இருக்கவேண்டிய இரண்டு இடங்கள் இவைதாம். நமது வீடுகளில் மிகத் தொலைவில் இருப்பவையும் பெரும்பாலும் இவைதாம். மெசின் அறையிலும் அயன் மண்டபத்திலும் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெசினில் இருந்து அயன் பலகை 20 அடி தூரத்தில் இருக்கின்றது என வைத்துக்கொள்வோம். ஒருமுறை போய்வர 40 அடி. ஓர் உடைக்குப் பத்துத் தடவை என்றால் 400 அடி. பெருநாளுக்கு முந்திய வாரத்தில் ஒரு நாளைக்கு ஐந்து உடைகள் என்றால் 2000 அடி, அதாவது ஏறத்தாழ 600 மீற்றர். நோன்போடு, சமையலுக்கு மேலதிகமாக, ஒவ்வொரு தடவையும் கதிரையில் இருந்து எழும்பி, மறுபடி உட்கார்ந்து நடக்கும் நடை இது. பலகையை நான்கடி தூரத்துக்குக் கொண்டுவந்தால் அதே வேலைக்கு 400 அடி போதும். இந்த மாற்றத்துக்கு ஒரு சதமும் செலவில்லை.

இவ்வாறு காலடிகளை எண்ணி அறையை ஒழுங்கமைப்பது புதிய யோசனை அல்ல. 1926 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிராங்போர்ட் நகரில் தொழிலாளர் குடும்பங்களுக்காக வீடுகள் கட்டப்பட்டபோது, மார்கரெட்டே ஷுட்டே-லிஹொட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் அவற்றுக்கான சமையலறையை வடிவமைத்தார். அதன் அகலம் 2 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. நீளம் ஏறத்தாழ மூன்றரை மீற்றர். மிகக் குறைந்த இடத்தில் பலருக்கு உணவு தயாரிக்கும் புகையிரதச் சமையல் பெட்டிகளை அவர் ஆராய்ந்தார். சமைக்கும் பெண் எத்தனை தடவை திரும்புகின்றார், எவ்வளவு தூரம் நடக்கின்றார் என்பதை அளந்தார். வேலை மேசையை யன்னலடியில் வைத்தார். அத்தகைய சமையலறைகள் ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அமைக்கப்பட்டன. இன்றைய சமையலறைகள் பலவற்றின் முன்னோடி அதுவே எனலாம்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நமது நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளில் மெசின்கள் வேலையின் வரிசைப்படியே நிறுத்தப்பட்டிருக்கும். ஒருவர் தைத்து முடித்த துண்டு அடுத்தவரின் கைக்கு எட்டும் தூரத்தில் போய்ச் சேரும். அங்கே ஒவ்வொரு செக்கனுக்கும் கணக்கு உண்டு. வீட்டிலே தைக்கும் உம்மாவின் காலடிகளை மட்டும் எவரும் எண்ணுவதில்லை.

2. நூலால் அளந்து பார்ப்போம்

தளபாடங்களை நகர்த்துவதற்கு முன்னர் மாணவிகள் செய்யக்கூடிய ஓர் எளிய பயிற்சி உண்டு. வேலைகளை ஆராய்வோர் தொழிற்சாலைகளில் கையாளும் முறைதான் இது. இதற்கு வேண்டியவை ஒரு தாள், ஒரு கார்ட்போர்ட், சில குண்டூசிகள், ஒரு நூற்கட்டை.

அறையை அளந்து, 1 அடிக்கு 2 சென்ரிமீற்றர் என்ற அளவில் தாளில் வரையுங்கள். பத்தடி அறை 20 சென்ரிமீற்றர் ஆகும். ஏ4 தாளில் அடங்கும். கதவு, யன்னல், மின்சாரம் எடுக்கும் இடம் ஆகியவற்றையும் குறியுங்கள். தாளைக் கார்ட்போர்ட்டில் ஒட்டி, மெசின், வெட்டும் இடம், அயன், அலுமாரி, கண்ணாடி ஆகிய இடங்களில் ஒவ்வொரு குண்டூசியைக் குத்துங்கள்.

பின்னர் உம்மாவோ ராத்தாவோ ஓர் உடை தைக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். அவர் ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குண்டூசியில் இருந்து மற்றக் குண்டூசிக்கு நூலை இழுத்துச் சுற்றுங்கள். உடை முடிந்ததும் நூலைக் கழற்றி அளவுநாடாவால் அளந்து பாருங்கள். 2 சென்ரிமீற்றர் நூல் ஓர் அடி நடை. எங்கே நூல் தடிப்பாகச் சேர்ந்திருக்கின்றதோ, அந்த இரண்டு இடங்களையும் கிட்டக் கொண்டுவரவேண்டும். மாற்றிய பின்னர் இன்னோர் உடைக்கு இதேபோல் அளந்தால் எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியவரும்.

இப்பயிற்சியில் இன்னொரு பயனும் உண்டு. பல வருடங்களாக ஒரே வீட்டில் இருந்தும் நாம் பார்க்காத ஒரு வேலையை, ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கின்றோம்.

3. மேசைகளின் அளவும் உயரமும்

வெட்டும் மேசையின் அளவைத் துணியே தீர்மானிக்கின்றது. கடைகளில் துணி பெரும்பாலும் 36, 45, 60 அங்குல அகலங்களில் கிடைக்கின்றது. 60 அங்குலத் துணியைக் கரையோடு கரை சேர்த்து மடித்தால் 30 அங்குலம். ஆகவே மேசையின் அகலம் 30 அங்குலம், அதாவது இரண்டரை அடி இருந்தால் எல்லாத் துணிக்கும் போதும். நீளத்தை நாம் தைக்கும் மிக நீண்ட உடை தீர்மானிக்கின்றது. 56 அங்குல ஹபாயாவை வெட்டுபவருக்கு 60 அங்குலம், அதாவது 5 அடி நீளமான மேசை வேண்டும். சட்டையும் சிறுபிள்ளைகளின் உடுப்பும் மட்டுமே தைப்பவருக்கு நாலடி மேசை போதும்.

உயரத்தில்தான் பலரும் தவறு விடுகின்றனர். வெட்டுவது நின்று செய்யும் வேலை. தைப்பது இருந்து செய்யும் வேலை. இரண்டுக்கும் ஒரே உயரம் பொருந்தாது. வெட்டும் மேசை நிற்பவரின் முழங்கைக்குச் சில அங்குலம் கீழே இருக்கவேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு இது 34 முதல் 36 அங்குலம் வரை வரும். சாப்பாட்டு மேசை ஏறத்தாழ 30 அங்குலம்தான். அதில் குனிந்து வெட்டும்போது இடுப்பு வலிப்பதற்கு இதுவே காரணம். மேசையின் நான்கு கால்களுக்கும் கீழே ஒரே அளவான, அசையாத மரக்கட்டைகளை வைத்து உயர்த்தலாம். நிலத்தில் பாய் விரித்து வெட்டுவது பழக்கமானதுதான். ஆனால் முழங்காலும் முதுகும் அதை நெடுநாள் தாங்கமாட்டா.

மெசினுக்கு நேர்மாறான பிரச்சினை. பழைய மிதி மெசினில், தைக்கும் தட்டு மேசையின் மட்டத்திலேயே பதிந்திருக்கும். இக்காலத்தில் நாம் வாங்கும் சிறிய மின்மெசினைச் சாப்பாட்டு மேசையின்மேல் வைத்தால், தைக்கும் தட்டு மேலும் மூன்று அங்குலம் அளவில் உயர்ந்துவிடுகின்றது. தோளைத் தூக்கிக்கொண்டு தைக்க வேண்டியிருப்பதால் மாலையில் கழுத்து இறுகிப்போகின்றது. மேசையைப் பதிக்க முடியாவிட்டால் கதிரையில் ஒரு கெட்டியான மெத்தையைப் போட்டு ஆளை உயர்த்துங்கள். அப்போது கால் தரையில் படாமல் தொங்கும். ஆகவே மிதிக்கும் இடத்தில் ஒரு பலகையை வைத்துக் காலையும் உயர்த்துங்கள். முழங்கை ஏறக்குறையச் செங்கோணத்தில் மடிந்து, கை மேசையோடு மட்டமாக இருந்தால் உயரம் சரி.

மெசினின் ஊசி இடப்பக்கத்தில் இருக்கின்றது. தைக்கப்படும் துணியின் பெரும்பகுதி அந்தப் பக்கமே பரந்து கிடக்கும். ஆகவே மெசினை மேசையின் வலது ஓரத்தில் வைத்து, இடப்பக்கத்தில் இரண்டடியாவது வெறுமையாக விடவேண்டும். துணி கீழே தொங்கினால் அதன் பாரம் ஊசியை இழுக்கும். தையல் வரி கோணும்.

இவை எல்லாவற்றுக்கும் புதிய தளபாடம் தேவையில்லை. கடைகளில் விற்கும் 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை ஒன்றை வாங்கினால், அதில் 5 அடிக்கு இரண்டரை அடி வெட்டும் மேசைக்குப் போகும். அதன் பக்கத்தில் மீதியாகும் 5 அடிக்கு ஒன்றரை அடித் துண்டு, பழைய போர்வையையும் பருத்தித் துணியையும் சுற்றினால் அயன் பலகையாகும். எஞ்சிய 4 அடிக்கு 3 அடித் துண்டில் தட்டுகள் அடிக்கலாம்.

4. வெளிச்சம்

நம்மிடையே அதிகம் தைக்கப்படும் உடைகளுள் ஒன்று கறுப்பு ஹபாயா. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைப்பதைவிடக் கண்ணுக்குக் கடினமான வேலை வேறில்லை. வெள்ளைத் துணி தன்மேல் படும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகின்றது. கறுப்புத் துணி அதை உறிஞ்சிவிடுகின்றது. எனவே வெள்ளைச் சீருடைக்குப் போதுமான வெளிச்சம் ஹபாயாவுக்குப் போதாது.

வலது கையால் வேலை செய்பவருக்கு ஒளி இடப்பக்கத்தில் இருந்து வரவேண்டும். அப்போது கையின் நிழல் வேலையின்மேல் விழாது. இடது கைப் பழக்கமுள்ளவர்கள் வலப்பக்கத்து ஒளியைத் தேடவேண்டும். யன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்தால் நமது நிழலே துணியை மறைக்கும். யன்னலை நேரே பார்த்து இருந்தால் கண் கூசும்.

தையல் அறைக்கு வடக்குப் பக்க யன்னலே சிறந்தது என மேலைநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருப்பதைக் காணலாம். அந்நாடுகளில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில் நிற்பதால் வடக்கு யன்னலில் ஒளி மட்டும் வரும், வெயில் வராது. நமது நாடு மத்திய கோட்டுக்கு அருகில் இருக்கின்றது. ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் நமக்கு உச்சியில் வருகின்றது. அதன்பின் ஓகஸ்ட் வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகவே நிற்கின்றது. ஆகவே அந்த விதியை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. நமக்குத் தொல்லை தருவது காலையில் கிழக்கிலும் மாலையில் மேற்கிலும் சாய்ந்து வரும் வெயில். அதற்கு மெல்லிய வெள்ளைத் திரை ஒன்று போதும். கடும் வெயிலை அது மென்மையான ஒளியாக மாற்றிவிடும். மேற்கு யன்னலடியில் துணிகளை அடுக்கி வைக்கவேண்டாம், நிறம் மங்கும்.

இரவு வேலைக்குக் கூரையில் உள்ள மின்குமிழை மட்டும் நம்பக்கூடாது. விஞ்ஞான பாடத்தில் கற்ற ஒரு விதியை இங்கே நினைவுபடுத்திக்கொள்வோம். சிறிய ஒளிமுதல் ஒன்றுக்கு இருக்கும் தூரம் பாதியானால், கிடைக்கும் வெளிச்சம் நான்கு மடங்காகும். ஆறடி உயரத்தில் இருக்கும் பெரிய குமிழைவிட, ஊசிக்கு அருகில் வளைத்து வைக்கக்கூடிய ஒரு சிறிய எல்.ஈ.டி. மேசை விளக்கு கூடுதலாக உதவும். ஆனால் அறை இருட்டாகவும் ஊசியடி மட்டும் வெளிச்சமாகவும் இருந்தால் கண் விரைவில் களைத்துவிடும். இரண்டு விளக்கும் எரியவேண்டும். நூலின் நிறத்தைத் துணியோடு பொருத்திப் பார்ப்பதை மட்டும் பகலில் செய்துகொள்ளுங்கள்.

5. மின்சாரமும் காற்றும்

தையல் இடத்தில் அதிக மின்சாரம் எடுப்பது மெசின் அல்ல, மின்னழுத்திதான். நமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோற்று. 5 அம்பியர் பிளக் ஒன்றில் இருந்து அதிகபட்சமாக 230 × 5, அதாவது 1150 வாற்று மட்டுமே எடுக்கலாம். ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் 1000 வாற்று மின்னழுத்தி, 100 வாற்று மெசின், 60 வாற்று மின்விசிறி, 10 வாற்று விளக்கு ஆகியவற்றைப் போட்டால் மொத்தம் 1170 வாற்று. எல்லையைத் தாண்டிவிட்டோம். நீராவி மின்னழுத்தி என்றால் அது தனியாகவே இதைத் தாண்டும். வயர் சூடாகி, பிளக் கருகுவது இப்படித்தான். மின்னழுத்திக்கு 13 அல்லது 15 அம்பியர் பிளக்கைத் தனியாக ஒதுக்குங்கள். வயர் நடக்கும் பாதையைக் குறுக்கறுக்காமல் சுவரோரமாகப் போகட்டும். மின்னழுத்தியை நிமிர்த்தி வைப்பதற்கு ஓர் உறுதியான இடமும் வேண்டும். அதைத் துணி அலுமாரிக்கும் திரைக்கும் எட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை மின்விசிறிக்கு நேர் கீழே வெட்டும் மேசையைப் போட்டால் ஷிஃபோன், ஜோர்ஜட் போன்ற மெல்லிய துணிகளும் காகித மாதிரிகளும் பறக்கும். மேசையைச் சற்று விலக்கிப் போடுங்கள். அல்லது வெட்டும் நேரத்தில் மட்டும் விசிறியை நிறுத்துங்கள்.

பழைய மிதி மெசின் வீட்டில் இருந்தால் அதை விற்றுவிடவேண்டாம். சிங்கர் நிறுவனம் 1877 இல் இலங்கையில் கால்பதித்த காலத்தில் வீடுகளுக்கு மின்சாரம் கிடையாது. காலாலும் கையாலும் இயங்கிய மெசின்களிலேயே அன்று தைத்தார்கள். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, மிதி மெசின் வைத்திருந்தவர்களின் வேலை நிற்கவில்லை. யன்னலடியில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள்.

6. பத்தடி அறை ஒன்றை ஒழுங்குபடுத்தல்

இதுவரை பார்த்தவற்றை ஒரு சிறிய அறையில் பொருத்திப் பார்ப்போம். அறை 10 அடிக்கு 10 அடி. கதவு வடக்குச் சுவரின் மேற்கு ஓரத்தில் இருக்கின்றது. யன்னல் கிழக்குச் சுவரில், தெற்கு மூலைக்கு அருகில் இருக்கின்றது. ஒரு தாளில் வரைந்துகொண்டே வாசித்தால் இலகுவாக விளங்கும்.

தெற்குச் சுவரையொட்டி, கிழக்கு மூலையில் 4 அடி நீளமான மெசின் மேசை. அதில் தெற்கு நோக்கி அமர்ந்தால் யன்னல் இடப்பக்கம் வரும். மெசின் மேசையின் வலது ஓரத்தில் இருப்பதால், வெறுமையாக விட்ட பகுதி யன்னலடியில் அமையும்.

கிழக்குச் சுவரின் மீதிப் பகுதியில், யன்னலைத் தாண்டி, அயன் பலகை. மெசினில் இருந்து எழுந்து இடப்பக்கம் திரும்பினால் இரண்டு மூன்று எட்டில் போய்விடலாம்.

வெட்டும் மேசையின் குறுகிய பக்கம் வடக்குச் சுவரில், நடுவுக்குச் சற்றுக் கிழக்கே முட்டிக்கொண்டிருக்கட்டும். மற்ற மூன்று பக்கங்களிலும் ஆள் நடக்க இரண்டடி இடைவெளி இருக்கும். வெட்டும்போது துணியை நகர்த்தாமல் நாமே சுற்றி வந்து வெட்டலாம். துணியை நகர்த்தினால் நூலோட்டம் பிசகும்.

மேற்குச் சுவரின் நடுவில், கதவு திறக்கும் இடத்தைத் தாண்டி, துணி அலுமாரி. தென்மேற்கு மூலையில் மூன்றடிச் சதுரத்துக்குத் திரை கட்டி, உள்ளே ஆளுயரக் கண்ணாடியும் உடுப்புக் கொளுவ ஒரு கொக்கியும். கதவில் இருந்து நேரே பார்த்தாலும் திரைக்குள் இருப்பவர் தெரியமாட்டார். யன்னலில் இருந்தும் தெரியமாட்டார். அளவெடுக்க வரும் பெண்கள் வெட்கமோ தயக்கமோ இன்றி உடுத்திப் பார்க்கலாம். நமது பெண்கள் கடைக்குப் போகாமல் நம் வீட்டுக்கு வருவதற்கு இந்த மறைவும் ஒரு காரணம் அல்லவா?

இப்போது துணியின் பயணத்தைப் பாருங்கள். அலுமாரியில் இருந்து நடுவில் உள்ள மேசைக்கு, அங்கிருந்து மெசினுக்கு, பக்கத்தில் அயன் பலகைக்கு, பின்னர் திரைக்குள், கடைசியில் மீண்டும் அலுமாரிக்கு. ஒரு வட்டமாகச் சுற்றி வருகின்றது. உங்கள் வீட்டின் கதவும் யன்னலும் வேறு பக்கங்களில் இருக்கலாம். இந்தப் படத்தை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை; அதன் வரிசையைப் பின்பற்றினால் போதும்.

7. தனி அறை இல்லாத வீட்டில்

நம்மில் பலருக்குத் தனி அறை கிடையாது. மண்டபத்திலோ விறாந்தையிலோ ஒரு மூலைதான் கிடைக்கும். அங்கேயும் இதே வரிசைதான். இடங்கள் மட்டும் மடிந்து விரியவேண்டும்.

மெசின் மட்டும் நிரந்தரமாக ஓரிடத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் தூக்கி வைத்து எடுப்பதே பாதிப் பேருக்குத் தைக்கும் ஆசையைக் கெடுத்துவிடுகின்றது. வெட்டும் பலகையைச் சுவரில் பிணைச்சல் போட்டுப் பொருத்தினால், வேலை நேரத்தில் விரித்து, முடிந்ததும் சுவரோடு மடித்துவிடலாம். கத்தரிக்கோல், அளவுநாடா, சோக்கு, பொபின், ஊசி ஆகியவற்றை மூடியுள்ள ஒரே பெட்டியில் வையுங்கள். தைத்துக்கொண்டிருக்கும் உடைக்கு வேறொரு கூடை. விருந்தாளிகள் வந்தால் இரண்டையும் எடுத்து வைக்க ஒரு நிமிடம் போதும். விறாந்தையாயின் தூவானம் படாத பக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் மெசினை மூடி, உரிய காலத்தில் எண்ணெய் விடவேண்டும். துணிகளை நிலத்திலும் ஈரச் சுவரோடும் அடுக்கவேண்டாம்.

8. ஊசிக்கும் கணக்கு உண்டு

எங்கள் வீட்டில் ஒருமுறை, ஸுஜூதுக்குப் போன மூத்தம்மாவின் நெற்றிக்கு மிக அருகில் முஸல்லாவில் ஒரு குண்டூசி நிமிர்ந்து நின்றது. முதல் நாள் இரவு அதே இடத்தில் நாங்கள் துணி வெட்டியிருந்தோம். அன்றிலிருந்து தொழும் இடத்தில் வெட்டுவதில்லை என்று உம்மா ஒரு சட்டம் போட்டார். தவழும் குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தச் சட்டம் இன்னும் கட்டாயமானது.

ஆடைத் தொழிற்சாலைகளில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அனைத்தையும் தேடிக் கொடுத்த பின்னரே புதிய ஊசி கிடைக்கும். வாங்குபவரின் உடையில் ஒரு சிறு துண்டு தங்கினாலும் ஆபத்து என்பதே காரணம். வீட்டிலும் இதைக் கடைப்பிடிக்கலாம். குண்டூசிகளை எண்ணிப் பத்து அல்லது இருபது எனக் குத்தி வையுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி எண்ணுங்கள். உடைந்த ஊசிகளுக்கு மூடியுள்ள ஒரு போத்தலை ஒதுக்குங்கள். எழும்புவதற்கு முன்னர் ஒரு காந்தத்தைப் பாயின்மேல் ஓட்டிப் பாருங்கள். கத்தரிக்கோலை மேசை விளிம்பில் விடாமல் ஆணியில் கொளுவுங்கள்.

9. அலுமாரியும் அமானிதமும்

பிறருக்காகத் தைப்பவரின் அலுமாரியில் இருப்பது அவருடைய துணி அல்ல; அமானிதம். அதில் ஒழுங்கு குறைந்தால் அளவு மாறும், துணி மாறும், சொன்ன நாள் தவறும். ஒவ்வொருவரின் துணிக்கும் தனிப் பை வையுங்கள். பெயர், கொண்டுவந்த நாள், கொடுக்கவேண்டிய நாள், துணியின் அளவு ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதி அதில் குத்திவிடுங்கள். வெட்டி மீந்த துண்டுகளும் உரியவருக்கே சொந்தம். அவற்றையும் அதே பையில் போட்டுக் கொடுங்கள். அவர் மனம்விரும்பி விட்டுச்சென்றால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அளவுக் கொப்பியை எல்லோர் கண்ணிலும் படும்படி மேசையில் திறந்து போடவேண்டாம். ஒரு பெண்ணின் உடல் அளவும் அவளுடைய இரகசியமே.

மேல் தட்டில் எப்போதாவது தேவைப்படுபவை, கண் மட்டத்தில் இந்த வாரம் முடிக்கவேண்டியவை, கீழே பாரமானவை என அடுக்கினால், காலையில் அலுமாரியைத் திறந்ததும் அன்றைய வேலை தெரியும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

நபி (ஸல்) அவர்கள் தமது ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், தமது பாதணியைத் தாமே செப்பனிடுவார்கள் என அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். ஊசியும் நூலும் எடுப்பது எவருக்கும் இழிவல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ஆகவே தையல் இடத்தை ஒழுங்குபடுத்துவதும் பெண்களுக்கு மட்டுமுரிய வேலை அல்ல. மேசைக் காலுக்குக் கட்டை அடிக்கவும், பிணைச்சல் போடவும், மின்னழுத்திக்குத் தனிப் பிளக் எடுத்துக் கொடுக்கவும் வாப்பாவும் நானாவும் முன்வரவேண்டும்.

மாணவிகளே, இந்த விடுமுறையில் அந்த நூல் பயிற்சியைச் செய்து பாருங்கள். உங்கள் உம்மாவின் நடையை அளந்து, நூலின் நீளத்தை அவரிடமே காட்டுங்கள். பின்னர் இருவருமாக இருந்து தாளிலே மேசையையும் மெசினையும் நகர்த்திப் பாருங்கள். அடுத்த தவணை உங்கள் வீட்டின் வரைபடத்தை வரையும்போது, எவரும் கேட்காமலே, யன்னலுக்குப் பக்கத்தில், வேண்டிய அளவில், அந்தக் கட்டத்தை வரைவீர்கள். இன்ஷா அல்லாஹ்.